மூணு மாத்திரை: எல்லை மலையில் ஒரு மருந்துக்கடை, பத்து வாரம்

2021 மே 12. கேரளாவில் ஊரடங்கு தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது, மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் இரண்டு நாள். கடைக்கு முன்னால் கயிறு கட்டி, அதற்கு அந்தப் பக்கம் நின்றுதான் மருந்து கேட்க வேண்டும் என்று வைத்திருந்தோம். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் அந்த அக்கா வந்தார். மாஸ்க்குக்கு மேலே முந்தானையையும் சுற்றியிருந்தார்.

"தம்பி, ரெண்டு நாளா உடம்பு காயுது. தொண்டை கரகரங்குது. பக்கத்து வீட்டுக்காரி மூணு மாத்திரை தின்னா, நின்னு போச்சு. அதையே குடு."

"டெஸ்ட் எடுத்தீங்களாக்கா?"

"எடுத்தா லயத்தையே அடைச்சுருவாங்க. பதினாலு நாள் கூலிய யாரு குடுப்பா?" லயம் என்பது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்.

அசித்ரோமைசின் 500 என்ற ஆன்டிபயாடிக் மூன்று, பாராசிட்டமால் 650 பத்து. வெட்டி, உறையில் போட்டு, கயிற்றுக்கு மேலே நீட்டினேன். பில் போடும்போது கம்ப்யூட்டர் டாக்டர் பெயர் கேட்டது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அது நகராது. அக்கா மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கும் பழைய சீட்டில் இருந்த கம்பத்து டாக்டரின் பெயரைத் தட்டினேன். அந்த டாக்டருக்கு இப்படி ஒரு காய்ச்சல் இருப்பதே தெரியாது.

நான் அந்தக் கடையின் பார்மசிஸ்ட். குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையில் ரோட்டோரக் கடை. அக்காவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அவர் யார் என்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். விற்ற மாத்திரை, எண்ணிக்கை, தேதி எல்லாம் பில்லிலும் ரெஜிஸ்டரிலும் இருப்பவை.

ஊரும் ஆளும்

இது ஏலக்காய் பூமி. காய் புற்றடியிலும் போடியிலும் ஏலத்துக்குப் போகும். அதை எடுக்கிற கை பெரும்பாலும் தேனி மாவட்டத்துக் கை. விடியும் முன்னே கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் மலை ஏறுவார்கள், பொழுது சாய இறங்குவார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று வழி மூன்று இருந்தாலும் கொரோனா காலத்தில் மூன்றிலும் தடுப்புத்தான். மேலே தங்கியவர்கள் மேலேயே நின்றுபோனார்கள். அக்காவும் அப்படித்தான். 53 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை. தோட்டத்து லயத்தில் மகள், மருமகன், நாலு வயதுப் பேரனோடு ஒரே அறையும் ஒரு சமையல் திண்ணையும். அவருடைய டாக்டர் கம்பத்தில், சுகாதார அட்டை கேரளாவில். பாஸ் எடுத்துக் கீழே இறங்கினால் திரும்பி வர வழி இருக்குமா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

இங்கே இருந்த ஒன்றிரண்டு தனியார் கிளினிக்கும் காய்ச்சல் என்றால் கதவைத் திறக்கவில்லை. எப்போதும் திறந்திருந்தது மருந்துக்கடை மட்டும்தான். அக்கா என்னிடம் வந்ததில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

நாலு விற்பனை

முதல் விற்பனையைச் சொல்லிவிட்டேன்.

மே 18 அன்று மருமகன் வந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் நிற்கவில்லை, "அதைவிடக் கொஞ்சம் பவரா" வேண்டும் என்றார். செஃபிக்சிம் 200 என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் பத்து கொடுத்தேன். அது ஹெச்-1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மருந்து. தனி ரெஜிஸ்டரில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எழுத வேண்டும். எழுதினேன், அதே கம்பத்து டாக்டர் பெயரில்.

மே 29. இந்த நாளைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். மருமகன் வாட்ஸ்அப்பில் ஒரு சீட்டின் படம் கொண்டுவந்தார். தேனிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் யாரோ ஒருவருக்கு எழுதியது. கொரோனாவுக்கு இதுதான் மருந்து என்று அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது, லிவோஃப்ளாக்சசின் 500 என்ற ஆன்டிபயாடிக் இருந்தது. ஸ்டீராய்டைப் பார்த்ததும் முடியாது என்றுவிட்டேன். சர்க்கரை உள்ளவருக்குச் சும்மா கொடுத்தால் சர்க்கரை எகிறிவிடும், கரும்பூஞ்சை பற்றிப் பேப்பரில் தினமும் வருகிறது என்றெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். மருமகன் தலையாட்டினார். அப்புறம் லிவோஃப்ளாக்சசின் ஏழு மாத்திரையை வெட்டிக் கொடுத்தேன்.

ஆபத்தான ஒன்றை மறுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இன்னொன்று கையை விட்டுப் போனது. இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தொழிலில் இருக்கும் நண்பர்களிடம் கேட்டபோது பலரும் இதையேதான் சொன்னார்கள். கவுண்டரில் நிற்பவனுக்கு ஒரு ஆளிடம் ஒரு முறை மறுப்பதற்குத்தான் தெம்பு இருக்கிறது. இரண்டாவதாகவும் மறுத்தால் "இவன் எதுவுமே தரமாட்டான்" என்று ஆகிவிடும்.

அக்காவுக்கு இருமல் குறைந்தது. பத்துப் பதினைந்து நாள் நன்றாகவே இருந்தார். "நீ குடுத்த மாத்திரைதான் தம்பி காப்பாத்துச்சு" என்று அவர் சொன்னபோது எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 26 அன்று திரும்பவும் இருமல். போன தடவை கேட்ட அதே மாத்திரை, இந்த முறை ஐந்து. கூடவே ஒரு இருமல் சிரப்.

ஜூலை நடுவில் வீடு வீடாக வந்த ஆஷா பணியாளர் அக்காவைப் பார்த்ததும் நின்றிருக்கிறார். ஜாக்கெட் தோளில் நிற்காமல் தொளதொளவென்று தொங்கியதாம். "எத்தனை நாளா இருமல் சேச்சி?" என்று கேட்டிருக்கிறார். பத்து வாரத்தில் நான் கேட்காத கேள்வி அது. சளி எடுத்து அனுப்பினார்கள். ஜூலை 22-ல் முடிவு வந்தது: காசநோய். நல்ல வேளையாக, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை. அன்றைக்கு ரத்தச் சர்க்கரை 340. எடை 51 கிலோவிலிருந்து 43-க்கு இறங்கியிருந்தது.

மே 12-லிருந்து ஜூலை 22 வரை நான் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கூட்டிப் பார்த்தேன். 3, 10, 7, 5. மொத்தம் 25. ஒரு சீட்டும் கிடையாது.

அந்த 25 மாத்திரை என்ன செய்தது

முதல் மூன்றிலிருந்து தொடங்குகிறேன். காய்ச்சல் கொரோனாவாக இருந்திருந்தால் அது வைரஸ். அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸிலும் ஏதாவது உதவுமா என்று பார்க்க பிரிட்டனில் பிரின்சிப்பிள் என்ற சோதனையை நடத்தினார்கள். 65 வயதைத் தாண்டியவர்களும், 50-ஐத் தாண்டி வேறு நோய் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். கொடுத்தது தினம் 500 மில்லிகிராம் வீதம் மூன்று நாள். அக்காவின் வயது, அக்காவின் சர்க்கரை, நான் வெட்டிக் கொடுத்த அதே மூன்று மாத்திரை. சீக்கிரம் குணமாக அது குறிப்பிடும்படி உதவவில்லை என்ற முடிவு 2021 மார்ச்சிலேயே லான்செட் மருத்துவ இதழில் வந்துவிட்டது. அக்கா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது அதற்கு இரண்டு மாதம் கழித்து. பக்கத்து வீட்டுக்காரிக்கு நின்றது அந்தக் காய்ச்சல் தானாகவே நிற்கிற காய்ச்சல் என்பதால். மாத்திரை மூன்று நாள், காய்ச்சலும் பெரும்பாலும் மூன்று நாலு நாள். இரண்டும் ஒன்றாக முடியும்போது பேர் மாத்திரைக்குப் போகிறது.

செஃபிக்சிம் பத்தும் அதே கணக்குத்தான். ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போன கொரோனா நோயாளிகளிலேயே கூடவே பாக்டீரியா தொற்றும் இருந்தவர்கள் 8 சதவீதம், ஆன்டிபயாடிக் வாங்கியவர்கள் 75 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் சொன்னது. வீட்டில் இருமிக்கொண்டிருந்தவர்களுக்குத் தேவை அதைவிடவும் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

லிவோஃப்ளாக்சசின் வேறு கதை. அது காசநோய்க் கிருமியையும் தாக்கும். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு வைத்தியம் செய்யும்போது முதுகெலும்பு மாதிரி நிற்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. அதைத் தனியாக, ஏழு நாள், ஐந்து நாள் என்று கொடுத்தால் கிருமி கொஞ்சம் அடங்கும், இருமல் தணியும், ஆள் தேறியது போல் இருக்கும். நோய் போகாது. நுரையீரல் தொற்று என்று நினைத்து இந்த வகை மருந்தைக் கொடுத்ததால் காசநோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைவிட மோசம், மிஞ்சிய கிருமி அந்த மருந்தையே எதிர்க்கப் பழகிக்கொள்ளலாம். அப்படி ஆகியிருந்தால், பின்னால் அவசரத்துக்கு உதவ வேண்டிய ஒரு மருந்தை நானே அக்காவிடமிருந்து பறித்திருப்பேன். "காப்பாத்துச்சு" என்று அவர் சொன்ன அந்தப் பதினைந்து நாள்தான் எங்கள் எல்லோரையும் ஏமாற்றிய பதினைந்து நாள்.

சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வர வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு. இது எனக்குப் படிக்கும்போதே தெரியும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் தெரியும். எங்கள் கடைச் சுவரிலேயே அப்படி ஒரு போஸ்டர் இருந்தது, மலையாளத்தில். கொரோனாவுக்குச் சோதிப்பவர்களைக் காசநோய்க்கும் சோதியுங்கள் என்று மத்திய அரசு 2020 ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தது. ஆனால் சோதனைக்கு ஆள் போனால்தானே. 2019-ல் நாடு முழுக்க 24 லட்சம் பேருக்குக் காசநோய் பதிவானது. 2020-ல் அது 18 லட்சம். குறைந்த 6 லட்சமும் நோய் குறைந்ததால் அல்ல. அவர்கள் இருமிக்கொண்டு எங்கேயோ இருந்தார்கள். அதில் எத்தனை பேர் என்னைப் போன்ற ஒருவனின் கடை வாசலில் நின்றிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பத்து வாரமும் பேரன் பாட்டி பக்கத்தில்தான் படுத்தான். அவனுக்கு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தடுப்பு மருந்து கொடுத்தார்கள்.

ஏன் கொடுத்தேன்

காசுக்காக என்று பலர் நினைப்பார்கள். மூன்று மாத்திரையில் கிடைக்கும் லாபம் ஒரு டீக்குக்கூடத் தேறாது. ஆள் போய்விடக் கூடாது என்ற பயம் இருந்தது, அதை மறைக்கவில்லை. நான் மறுத்தால் அடுத்த கடை கொடுக்கும், அடுத்த மாதச் சர்க்கரை மாத்திரையும் அங்கே போய்விடும். முதலாளி எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கவுண்டரில் நிற்பவனுக்குப் பாடப்புத்தகம் டாக்டர் சீட்டுதான். 2020 மார்ச் கடைசியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில், கடுமையான நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினோடு அசித்ரோமைசின் சேர்த்துக் கொடுப்பது இருந்தது. அதே வருடம் ஜூனில் அசித்ரோமைசினை எடுத்துவிட்டார்கள். எடுத்த செய்தி சீட்டு எழுதும் கைகளுக்கு வந்து சேரவே இல்லை. 2021 மே வரை என் கவுண்டருக்கு வந்த பத்துக் காய்ச்சல் சீட்டில் எட்டிலாவது அசித்ரோமைசின் இருக்கும். டாக்டர் எல்லோருக்கும் அதையே எழுதுகிறார், அப்படியென்றால் டாக்டரைப் பார்க்க முடியாதவருக்கு நான் அதையே கொடுப்பது உதவிதானே என்று மனது கணக்குப் போட்டது. நாடு முழுக்க அதுதான் நடந்தது. 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் கொரோனாவால் 21 கோடிக்கும் மேலான டோஸ் ஆன்டிபயாடிக் கூடுதலாக விற்றிருக்கலாம், அதில் 3.8 கோடி அசித்ரோமைசின் என்று மருந்து விற்பனைப் புள்ளிவிவரத்தை அலசிய ஆய்வு ஒன்று 2021-ல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்தது. ஊரடங்கில் மற்றத் தொற்றுகள் குறைந்து விற்பனை இறங்கியிருக்க வேண்டிய காலம் அது.

சட்டம் தெரியாமல் கொடுக்கவில்லை. ஆன்டிபயாடிக் எல்லாமே சீட்டு மருந்து. ஆன்டிபயாடிக் பலவும் சேர்ந்த 46 மருந்துகளோடு ஹெச்-1 என்ற தனிப் பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கும், ரெஜிஸ்டரை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். செஃபிக்சிமும் லிவோஃப்ளாக்சசினும் அதில் உண்டு. அசித்ரோமைசின் இல்லை, ஆகவே அதற்கு ரெஜிஸ்டரும் இல்லை. நாட்டிலேயே அதிகம் விற்ற மருந்துகளில் ஒன்று இப்படி நழுவியது எனக்கு இன்றும் மனசுக்கு ஒப்பவில்லை. சரி, ரெஜிஸ்டர் இருந்த மருந்தில் மட்டும் என்ன கிழிந்தது? என் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தால் மூன்று வரியும் ஒழுங்காக இருக்கும். டாக்டர் பெயர் உண்டு, நோயாளி பெயர் உண்டு, அளவு உண்டு. டாக்டர் பார்த்தாரா என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

சீட்டு இல்லாமல் எதுவும் கிடையாது என்று ஒரேயடியாகப் பூட்டிவிடலாமே என்பார்கள். ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தடுக்க 2012-ல் சென்னைப் பிரகடனம் என்ற அறிக்கையை எழுதிய மருத்துவர்கள் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். டாக்டரே எட்டாத கிராமங்கள் உள்ள நாட்டில் ஒரே நாளில் எல்லாவற்றையும் தடுத்தால் ஆபத்து, படிப்படியாகத்தான் இறுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் மலை அவர்கள் மனதில் வைத்திருந்த இடம்தான். ஆனால் 2021-ல் எங்கள் மலையில்கூட டாக்டர் எட்டாமல் இல்லை. கேரள அரசின் மருத்துவ உதவி எண்ணான திஷா 1056 இருந்தது. இ-சஞ்சீவனி என்ற அரசு இணைய சேவையில் வீடியோவில் டாக்டர் கிடைத்தார். தொலைபேசி மருத்துவத்துக்கும் அதில் எழுதும் சீட்டுக்கும் 2020 மார்ச் 25-லேயே முறையான வழிகாட்டுதல் வந்துவிட்டது. என் பாக்கெட்டில் போன் இருந்தது. அக்காவுக்கு அந்த எண்ணை அழுத்தித் தமிழில் பேச உதவ ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மாத்திரை வெட்ட அரை நிமிடம்.

சர்க்கரை மாத்திரையை மட்டும் பழைய சீட்டுக்குக் கொடுத்தாயே என்று கேட்கலாம். கொடுத்தேன், ஊரடங்கில் இன்னும் அதிகமாகவே கொடுத்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. மெட்ஃபார்மின் ஏற்கனவே தெரிந்த நோய்க்கு டாக்டர் தொடரச் சொன்ன மருந்து. நிறுத்தினால் கெடுதல். ஆன்டிபயாடிக் அப்படி அல்ல. ஒவ்வொரு முறையும் அது புதிதாக ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமல் நாலு முறையும் மாத்திரையால் மூடினேன்.

அப்புறம்

அக்கா ஆறு மாதமும் மருந்து தவறவில்லை. அரசு கொடுத்த மாதம் 500 ரூபாயில் முட்டை வாங்கினார். 2022 ஜனவரியில் முடித்தார். எடை 50-க்கு வந்தது. நடந்தது முழுவதையும் ஒரு நாள் உட்கார வைத்துச் சொன்னேன், ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான்தானப்பா கேட்டேன்" என்றார். அவர் கேட்டது காய்ச்சலுக்கு மருந்து, மருந்தைத் தெரிந்துகொள்ள வேண்டியது என் படிப்பு என்றேன்.

கடையில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஆக்சிஜன் பார்க்கும் கருவி கவுண்டரிலேயே இருக்கிறது. காய்ச்சல் என்று வந்தால் எத்தனை நாள், மூச்சு வாங்குகிறதா, சர்க்கரை உண்டா, இருமல் இரண்டு வாரம் தாண்டியதா என்று கேட்டுவிட்டுத்தான் பாராசிட்டமால் பக்கம் கை போகும். சுவரில் மலையாளப் போஸ்டர் பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் நானே எழுதி ஒட்டினேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்கிறேன். முதல் வருடம் தொடர்ந்து வாங்கிய சில குடும்பங்கள் போய்விட்டன. அதில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

கேரளா இந்த விஷயத்தில் முன்னே நிற்கும் மாநிலம். 2018-லேயே ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தடுக்க மாநில அளவில் திட்டம் போட்டது. 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்று கடைகளில் திடீர்ச் சோதனை தொடங்கியது. ஆன்டிபயாடிக்கைத் தனியாகத் தெரியும்படி நீல உறையில் போட்டுக் கொடுக்கும் முறையும் வந்தது. அந்த உறை எனக்கு நல்ல உதவி. வேலை செய்யும் பையன் அவசரத்தில் கை வைத்தாலும் நீலத்தைத் தொட்டதும் சீட்டைத் தேடுகிறான்.

ஆனால் மலை இரண்டு பக்கமும் இறங்கும். போன மழைக்காலத்தில் எனக்குப் பழக்கமான ஜீப் டிரைவர் ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாள் எடுத்துக் காட்டினார். நாலு லயத்து ஆட்கள் சொல்லி அனுப்பிய மாத்திரைப் பெயர்கள். "நீங்க தரமாட்டீங்கன்னு தெரியும்ணே, கீழ போறப்ப வாங்கிட்டு வந்துருவேன்" என்றார். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், மத்தியச் சட்டம். சோதனை மட்டும் செக்போஸ்டோடு நின்றுவிடுகிறது. இடுக்கி, தேனி இரண்டு மாவட்டத்து மருந்து ஆய்வாளர்களும் சேர்ந்து இந்த ஜீப் பாதையில் உள்ள கடைகளைப் பார்க்க வேண்டும், 1056-க்குப் போன் போட்டுக் கொடுப்பதைக் கடைகளின் வழக்கமாக்க வேண்டும் என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது முறையும் கொடுப்பேன்.

அந்தத் துண்டுத்தாளில் மூன்றாவது பெயர் லிவோஃப்ளாக்சசின். யாருக்கு என்று கேட்டேன். ஒரு பெரியவருக்கு, மாசக்கணக்கா இருமுறாரு என்றார். அவருடைய லயம் எது என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஆஷா பணியாளருக்கு அப்போதே போன் செய்தேன்.